கத்தரிக்கன்றைத் தலைகீழாக நடும் உத்தியோகம்

எங்கள் சிகிச்சை நிலையத்தில் இப்போது சுவர் நிறைய ஒரு திரை வைத்திருக்கிறார்கள். முன்னால் நின்று கையை உயர்த்தினால் திரையில் ஒரு மாமரம் கிளையைத் தாழ்த்தும். குனிந்தால் கரட் பிடுங்கலாம். பாரிசவாதம் வந்தவர்களும் பேச்சு வராத பிள்ளைகளும் அதோடு விளையாடுகிறார்கள். ஓய்வு பெற்றபின் ஒருநாள் பார்க்கப் போனபோது எனக்கும் விளையாடத் தந்தார்கள். பிடுங்கிய கரட்டைத் திருப்பி மண்ணுக்குள் வைக்கப் பார்த்தேன். திரை ஒத்துக்கொள்ளவில்லை. சரியாகச் செய்தால் மட்டும் மணி அடிக்கிற தோட்டம் அது. இங்கே எனக்கு வேலை கிடைத்திருக்காது என்றேன். புதிதாகச் சேர்ந்த மிஸ்மார் ஏன் என்று கேட்டார்கள். சொல்லத் தொடங்கினேன், தேநீர் ஆறிப்போனது. எழுதித் தாருங்கள் என்றார்கள்.

என் உத்தியோகத்தின் பெயர் தோட்டத் தொழிலாளி. நான் செய்த வேலை, ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது தோட்டத்தைப் பிழையாகச் செய்வது. காலையில் பிழையாகச் செய்ததைப் பின்னேரம் எல்லோரும் போனபிறகு சரியாகச் செய்வேன்.

அதற்கு முன் என்ன செய்தேன் என்பது நீண்ட கதை, சுருக்கிவிடுகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்தோம். இரண்டு பக்கமும் வருத்தப்படவில்லை. நிலாவெளியில் கரைவலை இழுத்தேன். கட்டைபறிச்சானில் வயல் காவல் இருந்தேன். துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். சவூதியில் ஆடு பார்த்தேன். ஒரு ஹோட்டல் குசினியில் வெங்காயம் உரித்தேன். சண்டைக் காலத்தில் வீடு இரண்டு தடவை எரிந்தது. பிறகு கடல் ஒரு தடவை வந்து மிச்சத்தை எடுத்துக்கொண்டு போனது. அடுத்த வீட்டைத் தகரத்தால் கட்டினேன், கழற்றிக்கொண்டு ஓட வசதியாக இருக்கும் என்று. எந்த வேலையிலும் எனக்குக் கால் தரிக்காது என்று என் மனைவி றீற்றா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அப்படிப்பட்டவன் ஒரே இடத்தில் முடி நரைக்கும்வரை இருந்தேன் என்றால் அதற்குக் காரணம் யோகராணி மிஸ்.

மிஸ் பேச்சு சிகிச்சை படித்தவர். ஆள் சின்னது, குடை பெரிது. நிலையம் துறைமுகத்தைப் பார்த்த சரிவில் இருக்கிறது. பின்பக்கத்தில் வெறும் பற்றைக்காடு கிடந்தது. ஆட்களைக் கதிரையில் இருத்திப் படம் காட்டி "இது என்ன, அது என்ன" என்று கேட்பது அவருக்கு அலுத்துவிட்டது. கை கால் அசைந்தால் வாயும் அசையும், தோட்டத்தில் இரண்டும் சேர்ந்து அசையும் என்பது அவருடைய எண்ணம். பற்றையை வெட்ட என்னை எடுத்தார். வெட்டி, பாத்தி கட்டி, கத்தரியும் வெண்டியும் வடிவாக நட்டுக் காட்டினேன். மிஸ் சுற்றிப் பார்த்தார்.

"நல்லாயிருக்கு பிலிப் அண்ணை. இனி இதைப் பழுதாக்க வேணும்" என்றார்.

பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அவருடைய முறை இதுதான். கேட்காமலே எல்லாம் கிடைக்கிறவனுக்கு வாயைத் திறக்க என்ன தேவை? வீட்டில் எல்லோரும் அன்பினால் முந்திக்கொண்டு தண்ணீர் கொடுக்கிறார்கள், சோறு கொடுக்கிறார்கள், அவன் சொல்லப்போவதையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். ஆகவே தோட்டத்தில் எல்லாவற்றிலும் ஒரு குறை இருக்கவேண்டும். பூவாளியில் தண்ணீர் இருக்காது. மண்வெட்டியில் பிடி இருக்காது. ஆட்கள் வருமுன் மிஸ்ஸே சுற்றிவந்து இந்தக் கண்ணிகளை வைப்பார். பிறகு "தொடங்குவம்" என்பார், அதோடு சரி. முட்டாள் தோட்டக்காரனாக நான் உள்ளே நுழைவேன்.

பிழை செய்வதற்கும் சட்டம் உண்டு. பிழை பெரிதாக, யாருக்கும் தெரிகிற மாதிரி இருக்கவேண்டும். அது என்னைத்தான் கோமாளியாக்க வேண்டும், வந்தவரை அல்ல. அவர் எந்த விதத்தில் சொன்னாலும் உடனே திருத்த வேண்டும். புருவத்தால் சொன்னாலும் சொன்னதுதான். அடுத்த கிழமை புருவம் போதாது, கை வேண்டும். பிறகு சத்தம். பிறகு சொல். எல்லாவற்றையும் விடக் கடினமான சட்டம், காத்திருப்பது. நான் காத்திருந்து பழகாதவன். ஒரு தடவை ஒரு பெரியவர் வாயைத் திறந்து திணறிக்கொண்டிருந்தபோது மனம் கேட்காமல் கூடையைக் கொடுத்துவிட்டேன்.

"அவர் கேக்கேல்லையே, மிஸ்டர் பிலிப். ஏன் குடுத்தனீங்கள்?" என்றார் மிஸ். கோபம் வந்தால் எனக்கு மிஸ்டர் பட்டம் கிடைக்கும். அவர் காத்திருக்கும்போது துறைமுகத்தில் நிற்கிற கப்பலைப் பார்ப்பார், வாங்குவதா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி. ஆள் எவ்வளவு நேரம் திணறினாலும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார். முறைத்துப் பார்த்தால் சொல் வெட்கப்பட்டு உள்ளே போய்விடுமாம்.

முதல் வெற்றி நிலாவெளிச் சிறுமி ஒருத்தி. வீட்டில் பேசுவாள், வெளியே வந்தால் ஒரு சொல் வராது. கிழமைக் கணக்கில் தாயின் சேலைக்குள்ளேயே நின்றாள். ஒருநாள் நான் கத்தரிக்கன்றைத் தலைகீழாக, வேர் வானத்தைப் பார்க்க நட்டு, இலையெல்லாம் மண்ணுக்குள் போகும்படி மிதித்தேன். பிறகு வேருக்குத் தண்ணீர் ஊற்றி, வளர்ந்துவிட்டதா என்று குனிந்து பார்த்தேன். சேலைக்குள்ளிருந்து ஒரு கண் வந்தது. பிறகு ஆள் வந்தாள். கன்றைப் பிடுங்கி, திருப்பி நட்டு, மண்ணைத் தட்டிவிட்டு, தாயிடம் போய்ச் சொன்னாள்:

"இந்த மாமாவுக்கு ஒண்டும் தெரியாது."

தாய் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். பிறகுதான் பிள்ளை பேசியது அவளுக்கு உறைத்தது. மிஸ் என்னைப் பாராட்டவில்லை. மறுநாள் ஒரு பாத்தி முழுக்கத் தலைகீழாக நடச் சொன்னார். அன்றைக்குப் பார்த்து மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி வந்துவிட்டார். பாத்தியை வெகுநேரம் பார்த்தவர், இந்த ஆளை விவசாயப் பயிற்சிக்கு அனுப்பினால் நல்லது என்று மிஸ்ஸிடம் மெதுவாகச் சொன்னார். "ஓம் சேர், யோசிச்சுக்கொண்டுதான் இருக்கிறன்" என்றார் மிஸ். விளக்கம் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. எனக்குத் தெரிந்து அவர் அனுபவித்த ஒரே பகிடி அது. கதை ஊருக்குள் பரவி, மாதா கோயிலில் பூசை முடிய ஆட்கள் றீற்றாவை இரக்கத்தோடு விசாரித்தார்கள்.

இனி காசீம் நானாவின் கதை. இந்த எழுத்தே அவருக்காகத்தான்.

குறிஞ்சாக்கேணிக்காரர்; அங்கே முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள். வயல், தோட்டம் என்று கையில் மண் காயாத மனிதர். ஒரு காலைத் தொழுகைக்குப் பிறகு விழுந்தார். வலது பக்கம் சோர்ந்துவிட்டது, பேச்சும் போனது. காலும் கையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தன. பேச்சில் திரும்பி வந்தது ஒரே ஒரு சொல்: கழுதை. தண்ணீர் வேண்டுமென்றாலும் கழுதை, காய்ச்சல் என்றாலும் கழுதை. பார்க்க வந்த பள்ளிவாசல் ஆட்களுக்கும் அதுதான் கிடைத்தது. ஓதுவதற்கு மட்டும் குறையில்லை. மனப்பாடமான குர்ஆன் சூராக்கள் தண்ணீர் போல வரும். ஓதி முடித்து, ஒரு கோப்பைத் தண்ணீர் கேட்க வாயைத் திறந்தால் கழுதை வந்து நிற்கும். இந்த நோயில் அப்படி நடப்பதுண்டு என்று மிஸ் சொன்னார். ஒரு சொல் வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டு மற்றச் சொற்களை வெளியே விடாதாம்.

அவரைக் கூட்டிவந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி இளைய மகள் சியானா. மற்றவர் நானாவின் தம்பி சலீம், வாடகைக்கு ஓடும் வான் வைத்திருந்தவர். இரண்டு வயல்களுக்கும் நடுவில் போகிற ஒரு வாய்க்காலை வைத்து அண்ணனும் தம்பியும் ஆண்டுக்கணக்காக முகம் பார்க்காமல் இருந்தவர்கள். அண்ணன் விழுந்ததும் சலீம் ஓடிவந்துவிட்டார். நல்ல மனிதர், ஆனால் வாய் ஓயாது. நானாவிடம் மிஸ் ஒரு காயைக் காட்டி இது என்ன என்பார். "வெண்டிக்காய்" என்பார் சலீம். மத்தியானம் என்ன கறி, நானா? "மீன். உப்புக் கொஞ்சம் கூட" என்பார் சலீம். நானா தம்பியைப் பார்த்துக் கழுதை என்பார். அந்த இடத்தில் அந்தச் சொல் பிழை என்று சொல்ல எங்களால் முடியவில்லை.

சியானாவுக்கு மூதூரில் மாப்பிள்ளை பேசி, நாளும் குறித்தாகிவிட்டது. அவர்கள் வழக்கப்படி பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, என் மகளை உங்களுக்கு நிக்காஹ் செய்து தந்தேன் என்று சபையில் சொல்லவேண்டும். வாய் ஏலாதவருக்குச் சைகை போதும் என்று நிக்காஹ் நடத்தும் லெப்பை சொல்லியிருந்தார். தகப்பனுக்குப் பதிலாகச் சலீம் நின்று சொல்லலாம் என்று குடும்பத்தார் பேசினார்கள். இரண்டுக்கும் நானா ஒப்பவில்லை. வாயால்தான் சொல்வேன் என்று வாயைத் தொட்டுக் காட்டினார். அந்த வாயிலிருந்து என்ன வரும் என்பது ஊருக்கே தெரியும். மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, மூதூர்க்காரர் அத்தனை பேரும் பார்த்திருக்கக் கழுதை என்றால்?

ஒருநாள் சலீம் வானைத் திருப்பப் போன நேரம் சியானா மிஸ்ஸிடம் சொன்னாள்.

"ராத்தாவ வாப்பா தன்ட வாயால குடுத்தாரு மிஸ். நான் சின்னப் புள்ள, திரைக்குப் பின்னால நிண்டு கேட்டேன். எனக்கு மட்டும் சாச்சாட வாயா?"

ராத்தா அவளுடைய அக்கா; சாச்சா என்றது சித்தப்பா சலீமை. செய்து தருகிறேன் என்று மிஸ் சொல்லவில்லை. அவர் அப்படிச் சொல்கிறவர் அல்ல. லெப்பையிடம் ஆள் அனுப்பி, ஆகக் குறைந்தது எத்தனை சொல் வேண்டும் என்று கேட்டார். என் மகளைத் தந்தேன் என்று அவர் வாயால் வந்தால் போதும், மற்றதை நான் சேர்த்துச் சொல்லிக்கொள்கிறேன் என்று பதில் வந்தது.

வழமைபோல என் பிழைகளோடு தொடங்கினோம். நான் கன்றைத் தலைகீழாக நட்டேன். கழுதை. பிடியில்லாத மண்வெட்டியால் கொத்தினேன். கழுதை. மழை தூறும்போது தண்ணீர் ஊற்றினேன். கழுதை, கழுதை. நானா உற்சாகமாகிவிட்டார். ஒரே சொல்லைக் கோபமாக, கவலையாக, செல்லமாக, கேள்வியாக என்று பல ராகத்தில் சொன்னார். எங்களுக்கும் சந்தோஷம், பார்க்க வந்தவர்களும் சிரித்தார்கள். மிஸ் மட்டும் ஒருநாள் குடையை மடக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"மிஸ்டர் பிலிப், நாங்கள் அவருக்குக் கழுதையைத்தான் வடிவாப் பழக்கியிருக்கிறம்."

உண்மைதான். நான் செய்த ஒவ்வொரு வேலைக்கும் அதைவிடப் பொருத்தமான சொல் தமிழில் கிடையாது. எல்லோரையும் பேசவைத்த முறை இவருக்குச் சிறையாகிவிட்டது. அன்றிலிருந்து காசீம் நானா முன்னால் நான் பிழை செய்யக்கூடாது. எத்தனையோ காலத்துக்குப் பிறகு கன்றைச் சரியாக நடவேண்டி வந்தது, கை கூசியது. நானா என்னை உற்றுப் பார்த்தார், எனக்குச் சுகமில்லையோ என்று நினைத்திருப்பார்.

அடுத்து மிஸ் சலீமைப் பிடித்தார். எங்களிடம் வெருளி விளையாட்டு என்று ஒன்று இருந்தது. ஒருவர் குருவி விரட்டும் வயல் வெருளி மாதிரிக் கையை விரித்து நிற்கவேண்டும். மற்றவர்கள் செய்து காட்டியோ சொல்லியோ அந்த வெருளியை ஆட்டலாம், திருப்பலாம். யாரும் சொல்லாமல் வெருளி அசையக்கூடாது, வாய் திறக்கக்கூடாது. மூக்கில் ஈ இருந்தாலும் அதே சட்டம். வழக்கமாக நான்தான் வெருளி. அன்றைக்கு மிஸ் சலீமிடம் போய், உங்களைப் போல உயரமான ஆள் எங்களிடம் இல்லை, ஒரு உதவி என்றார். சலீம் பெருமையோடு கிழிசல் சட்டை போட்டு, ஓலைத்தொப்பி வைத்து, கையை விரித்து நின்றார். சட்டத்தைப் பிறகுதான் சொன்னார்கள். காசீம் நானா சொன்னால்தான் கையை இறக்கலாம்.

நானா தம்பியை ஒருமுறை சுற்றி வந்தார். நோய் வந்தபிறகு அவர் முகத்தில் சிரிப்பை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு போய் வேப்பமரத்துக்குக் கீழே இருந்துகொண்டார்.

வெயில் ஏறியது. ஒரு எறும்பு சலீமின் கழுத்தில் ஏறி உள்ளே இறங்கியது. கண்ணை மட்டும் உருட்டி மிஸ்ஸைப் பார்த்தார். மிஸ் கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சியானா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். என் காலும் துடித்தது, ஆனால் நான் போகவில்லை, அவ்வளவுக்குப் பழகியிருந்தேன்.

கடைசியில் நானா எழுந்து நாற்றுமேடைக்குப் போனார். தேங்காய்ச் சிரட்டையில் வைத்திருந்த கத்தரிக்கன்று ஒன்றை இடது கையால் எடுத்து, விரிந்திருந்த தம்பியின் உள்ளங்கையில் வைத்தார்.

"இந்தா" என்றார்.

சாதாரணமாக, அந்தச் சொல் எங்கேயும் போயிருக்கவே இல்லை என்பதுபோல. தனக்கே கேட்டதும் திடுக்கிட்டு நின்றார். திரும்பிப் போய் இன்னொரு சிரட்டை எடுத்து மற்றக் கையில் வைத்தார். "இந்தா." பிறகு தோளில், பிறகு தொப்பியின் மேல். வைக்கிற ஒவ்வொன்றுக்கும் ஒரு இந்தா. சலீமின் கண்ணால் தண்ணீர் ஓடியது. வெயிலா, எறும்பா, அண்ணனின் குரலா என்று கேட்க வழியில்லை, அவர்தான் வாய் திறக்கக்கூடாதே. கடைசியில் நானா தம்பியின் கையைப் பிடித்து இறக்கி விட்டார். அதோடு சலீம் பேசத் தொடங்கி, வீடு போகும்வரை நிறுத்தவில்லையாம்.

கொடுக்கிற கைக்குப் பின்னால் சொல் வருகிறது என்று மிஸ் கண்டுகொண்டார். அதன்பிறகு எல்லாம் நாற்றுக் கைமாற்றுதான். நானும் நானாவும் எதிரெதிரே நிற்போம். அவர் சோர்ந்த கையை நல்ல கையின் கீழ் கொடுத்துச் சிரட்டையை ஏந்துவார். இடுப்பைத் திருப்பி, ஒரு அடி முன்னே வைத்து, சாய்ந்து கொடுப்பார். அடி வைக்கும்போது "இந்தா", சாயும்போது "என்ட மகள்", கைமாறும்போது "தந்தேன்". முதலில் மிஸ் கூடவே மெதுவாகப் பாடுவது போலச் சொல்லுவார், பிறகு உதட்டை மட்டும் அசைப்பார், பிறகு குடைக்குள் ஒளிந்துகொள்வார். சில நாள் மூன்றும் வரும். சில நாள் நடுவில் கழுதை புகுந்துவிடும்; அப்போது சிரட்டையைத் திருப்பி வைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவோம். அந்தக் காலத்தில் எனக்குக் கட்டித் தரப்பட்ட கத்தரிக்கன்றுகளுக்கு அளவில்லை. வீட்டில் சொன்னேன். எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு வராவிட்டால் சரி என்றாள் றீற்றா.

கல்யாண நாளுக்கு முந்திய கிழமை மூன்று சொல்லும் பிசகாமல் வந்தன. நாங்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு குறிஞ்சாக்கேணிக்குப் போனோம்.

பந்தலுக்குள் நுழைந்து சுற்றிப் பார்த்தேன். எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை பாயில் இருந்தார், லெப்பை பாயில் இருந்தார். காசீம் நானாவுக்குக் கால் மடக்க ஏலாது என்று, மரியாதைக்காகக் கைவைத்த பெரிய கதிரை ஒன்று போட்டு, அதற்குள் அவரை ஆழமாக இருத்தியிருந்தார்கள், பக்கத்தில் சலீம். இத்தனை நாளும் அந்தச் சொற்களைப் பாத்திக்கு நடுவில் நின்று, அடி வைத்து, சாய்ந்து பழக்கியிருந்தோம். நிக்காஹ் உட்கார்ந்துகொண்டு நடக்கிறது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் தோட்டத்தில் ஒருவருக்கும் அது நினைவுக்கு வரவில்லை. மிஸ்ஸிடம் ஓடிச் சொல்லவும் வழியில்லை, அவர் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் பெண்களோடு இருந்தார்.

மாப்பிள்ளையின் கையை நானாவின் கையில் வைத்தார்கள். லெப்பை தொடங்கிக் கொடுத்தார். நானா வாயைத் திறந்தார். சத்தமில்லை. மறுபடி திறந்தார். "க" என்று வந்தது. மூதூர்ப் பக்கத்தில் யாரோ இருமினார்கள். நானா வாயை இறுக மூடிக்கொண்டார், நெற்றியெல்லாம் வியர்வை. பிறகு நல்ல கையை உருவி, கதிரைப் பிடியில் ஊன்றி எழும்பப் பார்த்தார். அவருக்கு மயக்கம் வருகிறது என்று சபை கலங்கியது. "நானா, இரிங்க, இரிங்க" என்று சலீம் எழும்பித் தோளைப் பிடித்து அமுக்கினார். சொல்லித் தருவதற்கு வாயையும் திறந்தார்.

"சலீம் தம்பி, வெருளி" என்றேன்.

அந்தப் பந்தலில் வேறு எவருக்கும் அதன் பொருள் தெரியாது. சலீமின் கை தானாக விலகியது. அப்படியே அசையாமல் நின்றார். நானா எழும்பினார். எழும்பினால் மாப்பிள்ளையும் எழும்பத்தானே வேண்டும். எழும்பி எதிரே நின்றார். இப்போது அளவு சரியாக இருந்தது. நானா மாப்பிள்ளையின் கையை இரண்டு கையாலும் ஏந்தினார், சோர்ந்த கை கீழே, நல்ல கை மேலே. இடுப்பைத் திருப்பி, ஒரு அடி வைத்தார்.

"இந்தா" என்றார். சாய்ந்தார். "என்ட மகள். தந்தேன்."

லெப்பை உடனே மற்றதைச் சேர்த்துச் சொன்னார். மாப்பிள்ளை ஒப்புக்கொண்டார். துஆ ஓதினார்கள், நானாவின் குரலும் அதில் தெளிவாகக் கேட்டது.

திரைக்கு அந்தப் பக்கம் நடந்ததை மிஸ் திரும்பி வரும் வழியில் சொன்னார். அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே குரல். தோட்டத்தில் கேட்டிருந்தாலும், அந்த "க"வுக்குப் பிறகு சாச்சாதான் குறுக்கே வந்து சொல்லியிருப்பார் என்று பிள்ளை நினைத்திருப்பாள். சொல் காதில் விழுந்ததும் சியானா மிஸ்ஸின் கையை இறுக்கிப் பிடித்தாளாம்.

"மிஸ், அது சாச்சாதானே?"

மிஸ் திரை இடுக்கால் பார்த்தார்.

"சாச்சா வாயை மூடிக்கொண்டு நிக்கிறார்."

"சாச்சாவா? வடிவாப் பாருங்க மிஸ்."

"வடிவாத்தான் பாத்தனான்" என்றாராம் மிஸ். அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். கண்ணுக்கு இட்ட மை முழுவதையும் துடைத்துவிட்டு, திரும்பவும் முதலிலிருந்து இடவேண்டி வந்ததாம்.